வாழையும் வல்லரசும்

வாழையடி வாழையாக வாழ்க என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. தாய்வாழை குலை ஈன்று சாயும். அதன் அடியில் கன்று நிற்கும். அக்கன்று தாயாகும்போது அதன் அடியில் மற்றொரு கன்று தோன்றியிருக்கும். குலம் அறாமல் தொடர்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை பிற மொழிகளில் உண்டா என்பது ஐயமே. ஆயினும் தாவரவியல் நோக்கில் இவ்வுவமைக்கு மற்றொரு முகமும் உண்டு. நாம் உண்ணும் வாழையில் முளைக்கும் விதை இல்லை. கிழங்கிலிருந்து வெடித்துக் கிளம்பும் பக்கக்கன்று தாயின் மகளன்று, தாயே அது. ஒரு தோப்பில் ஓராயிரம் ரஸ்தாளி நிற்குமானால், அங்கே ஒரே மரம் ஆயிரம் இடங்களில் நிற்கிறது என்று சொன்னால் தவறாகாது. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். இந்த எளிய உண்மை மத்திய அமெரிக்காவின் நிலவுடைமையையும் இருப்புப் பாதைகளையும் ஆட்சிக் கவிழ்ப்புகளையும் எவ்வாறு தீர்மானித்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாழையின் தாயகம் தென்கிழக்காசியாவும் நியூகினித் தீவும் அடங்கிய நிலப்பரப்பு. நியூகினி மலைநாட்டில் கூக் என்னும் சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வாழையைப் பயிரிட்டதற்கான தடயங்களை அகழ்வாய்வாளர் கண்டறிந்துள்ளனர். அங்கிருந்து இந்தியப் பெருங்கடல் வழியே ஆப்பிரிக்கா சென்ற வாழை, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்ச்சுகீசியர் கைக்குக் கிடைத்தது. 1516ஆம் ஆண்டு தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற ஸ்பானியத் துறவி கானரித் தீவுகளிலிருந்து சில கிழங்குகளைச் சாந்தோ தொமிங்கோவுக்குக் கொண்டுவந்தார் என்பது ஸ்பானியக் குறிப்பு. அதன்பின் மூன்றரை நூற்றாண்டுக் காலம் கரீபியத் தீவுகளில் வாழை ஏழையின் உணவாகவும், அடிமைகள் தம் குடிசைப் புறத்தே நட்டுக்கொண்ட பயிராகவும் மட்டுமே இருந்தது. கரும்பை எண்ணிய முதலாளிகள் வாழையை எண்ணவில்லை.

எண்ணத் தொடங்கியது 1870இல். லொரென்ஸோ டவ் பேக்கர் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் ஜமைக்காவில் 160 வாழைத்தார்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றி, பதினொரு நாளில் நியூயார்க்கை அடுத்த ஜெர்ஸி நகரத் துறையில் இறக்கினார். நல்ல இலாபம். 1885இல் பாஸ்டன் நகரில் ஆண்ட்ரூ பிரஸ்டனுடன் கூடிப் பழக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். அவர்கள் விற்றது ஒரே ஓர் இனம்: பிரெஞ்சு மொழியில் 'பருத்த மைக்கேல்' என்று பொருள்படும் குரோ மிஷெல். இதன் தோல் தடித்தது. குலை சீராக அடுக்கியது. தாரைத் தாராகவே கப்பலின் அடித்தளத்தில் குவித்தாலும் காய் எளிதில் அடிபடாது. சுவையும் மணமும் உண்டு. கடல் வணிகத்துக்கென்றே படைத்த இனம் என்று வணிகர் மகிழ்ந்தனர். வட அமெரிக்கப் பெருநகரத்துத் தொழிலாளியின் வீட்டில் உள்ளூர் ஆப்பிளைவிட மலிவாக வெப்பமண்டலப் பழம் ஒன்று ஆண்டு முழுவதும் கிடைத்தது இதனால்தான். பழம் என்றால் வாழை, வாழை என்றால் இந்த ஒன்றே என்று அம்மக்கள் பழகிப்போயினர். அப்பழக்கத்தின் விலையைப் பின்னர்க் காண்போம்.

இனி இருப்புப் பாதையின் கதை. கோஸ்டாரிக்கா அரசு தன் காப்பிக் கொட்டையை அட்லாண்டிக் கரைக்குக் கொண்டுசெல்ல விரும்பி, 1871இல் ஹென்றி மெய்க்ஸ் என்ற அமெரிக்க ஒப்பந்தக்காரருடன் உடன்படிக்கை செய்தது. வேலை அவருடைய உறவினரான மைனர் கீத் என்ற இளைஞர் கையில் வந்து சேர்ந்தது. சதுப்பும் மழைக்காடும் காய்ச்சலும் நிறைந்த லிமோன் பகுதியில் முதல் 25 மைல் பாதைக்கே ஏறத்தாழ 4000 பேர் மாண்டதாகச் சொல்வது வழக்கம். கீத்தின் உடன்பிறந்தாரும் அவர்களுள் அடக்கம். ஜமைக்காவிலிருந்தும் சீனத்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தனர். அரசின் கருவூலம் வற்றியது. 1884இல் செய்துகொண்ட புது ஒப்பந்தப்படி, கடன் பொறுப்பை ஏற்றுப் பாதையை முடித்துத் தருவதற்கு ஈடாகக் கீத்துக்கு 8,00,000 ஏக்கர் நிலமும், பாதையை 99 ஆண்டு நடத்தும் உரிமையும் கிடைத்தன. நாட்டின் பரப்பில் இது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு. கீத் அதற்கு முந்தைய ஆண்டுதான் முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவரின் மகளை மணந்திருந்தார் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். பாதை முடியும் முன்பே அதன் இருமருங்கிலும் வாழை நட்டு, கூலியாட்களுக்கு உணவாக்கியதுபோக எஞ்சியதை நியூ ஆர்லியன்ஸுக்கு ஏற்றினார். காப்பிக்காகப் போட்ட பாதை வாழையால் பிழைத்தது.

1899ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாஸ்டன் கம்பெனியும் கீத்தின் நிறுவனங்களும் இணைந்தன. யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி பிறந்தது. அமெரிக்க வாழைச் சந்தையில் முக்கால் பங்குக்கு மேல் அதன் கையில். மத்திய அமெரிக்க மக்கள் அதற்கு இட்ட பெயர் 'எல் புல்போ', அதாவது பேய்க்கணவாய். வெறும் வசையாக இப்பெயரைக் கொள்ளுதல் கூடாது. தொழிலின் இயல்பையே அது சுட்டியது. காப்பிக்கொட்டை மூட்டையில் மாதக்கணக்கில் காத்திருக்கும், சர்க்கரையும் அவ்வாறே. வாழைக்காய் வெட்டிய நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் உண்பவன் கைக்குப் போய்ச் சேரவேண்டும். வழியில் வெப்பநிலை பதின்மூன்று பாகைக்குக் கீழே இறங்கினால் தோல் கறுக்கும். ஏறினால் கப்பலிலேயே பழுக்கும். ஆகவே தோட்டம், இரயில், துறைமுகம், குளிரூட்டிய கப்பல், கப்பலோடு பேசக் கம்பியில்லாத் தந்தி, சென்றடையும் ஊரில் பழுக்கவைக்கும் அறை எல்லாம் ஒரே கட்டளைக்குக் கீழ் இயங்கவேண்டும் என்று கம்பெனி வாதிட்டது. வெயிலைத் தள்ளுவதற்காக வெண்ணிறம் பூசிய அதன் கப்பற்படைக்கு 'மாபெரும் வெள்ளைப்படை' என்று பெயர். தந்தி நிறுவனமும் அதனுடையதே. கப்பல் வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் வெட்டு தொடங்கும். இரவானாலும் மழையானாலும் வெட்டும் சுமையும் நிற்கா. கப்பல் இல்லாத நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு நாட்டின் இரயிலையும் துறைமுகத்தையும் தந்தியையும் வைத்திருப்பவன் அந்நாட்டின் அரசை விலைக்கு வாங்கத் தேவையில்லை. பல வேளைகளில் வாடகைக்கு எடுத்தாலே போதும்.

அதற்குச் சான்று ஹோண்டுராஸ். ருசியப் பேரரசின் கிஷினேவ் பகுதியிலிருந்து சிறுவனாக அமெரிக்கா வந்த சாமுவேல் ஸெமுரே, மோபீல் துறைமுகத்தில் பெரிய கம்பெனிகள் கழித்துப்போடும், பழுக்கத் தொடங்கிய பழங்களை மலிவாக வாங்கி, அழுகுமுன் ஓடி ஓடி விற்று முதல் சேர்த்தவர். ஹோண்டுராஸில் குயமெல் ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். 1910ஆம் ஆண்டு அந்நாட்டின் கடனைத் தீர்க்க அமெரிக்க வெளியுறவுத்துறை ஒரு திட்டம் வகுத்தது: மார்கன் வங்கி கடன் தரும், சுங்க வருவாய் அதன் மேற்பார்வைக்குப் போகும். சுங்கச் சலுகையால் வாழ்ந்த ஸெமுரேக்கு இது முதலுக்கே மோசம். பதவியிழந்து நியூ ஆர்லியன்ஸில் தங்கியிருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் மனுவேல் போனில்லாவையும், லீ கிறிஸ்மஸ் என்ற கூலிப்படைத் தலைவரையும் அவர் தேர்ந்தெடுத்தார். அமெரிக்க உளவர்களின் கண்ணில் மண்ணைத் தூவி, ஹார்னெட் என்ற பழைய போர்க்கப்பலில் துப்பாக்கிகளோடு இவர்கள் புறப்பட்டனர். 1911 ஜனவரியில் துருஹியோவும் லா செய்பாவும் வீழ்ந்தன. தலைவர் தவிலா விலகினார். அடுத்த ஆண்டு போனில்லா பதவியேற்றார். ஸெமுரேக்கு நிலமும் வரிவிலக்கும் கிடைத்தன. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வாழை வியாபாரி இங்கே தன் நாட்டு அரசின் கொள்கையையே முறியடித்திருக்கிறார். கம்பெனியும் வாஷிங்டனும் எப்போதும் ஒரே கையின் இரு விரல்கள் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்வது நல்லது.

'வாழைக் குடியரசு' என்ற தொடர் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. வங்கிப் பணத்தைக் கையாடிய வழக்கிலிருந்து தப்பி 1896இல் ஹோண்டுராஸ் கரையில் ஒளிந்திருந்த சிறுகதையாசிரியர் ஓ. ஹென்றி, அன்சூரியா என்ற கற்பனை நாட்டை வைத்து எழுதி 1904இல் வெளியிட்ட 'முட்டைக்கோசுகளும் மன்னர்களும்' என்ற நூலில் அதை முதன்முதலாக வழங்கினார். இன்று எந்த நாட்டு அரசியல் சீர்கெட்டாலும் இத்தொடரைக் கேலியாக வீசுகிறார்கள். கேலி அந்நாட்டு மக்கள்மேல் விழுகிறது. அவர்களைக் குடியரசற்றவர்களாக்கிய கப்பல் முதலாளிகள்மேல் விழுவதில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது மண்ணுக்கடியில் வேறொரு வரலாறு ஊர்ந்துகொண்டிருந்தது. 1890களில் பனாமாத் தோட்டங்களில் குரோ மிஷெல் மரங்களின் அடியிலைகள் மஞ்சளித்து, மட்டையடியில் ஒடிந்து, பாவாடைபோல் தொங்கலாயின. தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே செந்நிறக் கோடுகள். ஃபுஸேரியம் என்னும் மண்வாழ் பூஞ்சணம் வேர் வழியே புகுந்து நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது; மரம் நீரிருந்தும் தாகத்தால் சாகிறது. ஆஸ்திரேலியாவில் 1870களிலேயே இந்நோயைக் கண்டிருந்தனர் எனினும், பனாமா வாடல் என்ற பெயரே நிலைத்தது. மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை அகற்றினாலும் பூஞ்சணத்தின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். கிழங்கில், மண்வெட்டியில், செருப்பில், வாய்க்கால் நீரில் அது பயணம் செய்யும். ஒரே இனத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நட்டு, கன்றுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தன் இரயிலிலேயே ஏற்றிச் சென்ற கம்பெனி, தன் பகைவனுக்குத் தானே பாதை போட்டுக் கொடுத்தது.

இதற்குக் கம்பெனி கண்ட விடை இனத்தை மாற்றுவதன்று, இடத்தை மாற்றுவது. நோய் வந்த தோட்டத்தைக் கைவிடு, புதுக்காட்டை வெட்டு, அங்கே மறுபடியும் அதே குரோ மிஷெலை நடு. பத்து ஆண்டுகளில் அங்கும் நோய் வரும்; அதற்குள் அடுத்த காடு கையில் இருக்கவேண்டும். மத்திய அமெரிக்காவின் கீழைக்கரை மழைக்காடுகள் அழிந்ததன் காரணங்களுள் இது முதன்மையானது. கம்பெனிகள் பயிர்செய்யும் நிலத்தைப்போல் பன்மடங்கு நிலத்தைத் தரிசாகப் பிடித்து வைத்திருந்ததன் காரணமும் இதுவே. பேராசை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பேராசைக்கு அளவு குறித்துக் கொடுத்தது ஒரு பூஞ்சணம்.

கைவிடப்பட்ட ஊர்களின் கதை துயரமானது. ஹோண்டுராஸில் துருஹியோ வட்டாரத் தோட்டங்கள் நோயால் மாள, கம்பெனி அங்கிருந்து விலகியதோடு 1940களின் தொடக்கத்தில் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. தலைநகர் தெகுசிகல்பாவுக்கு இரயில் போடுவோம் என்ற வாக்குறுதியின்மேல்தான் அந்நாட்டில் மைலுக்கு மைல் நிலம் மானியமாக வாங்கப்பட்டது. அந்நகருக்கு இன்றளவும் இரயில் வரவில்லை. கோஸ்டாரிக்காவில் லிமோன் கரைத் தோட்டங்கள் நலிந்தபோது கம்பெனி பசிபிக் கரைக்குப் பெயர்ந்தது. 1934ஆம் ஆண்டு ஒப்பந்தம் கறுப்பினத்தாரை அங்கே வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று விதித்தது. இரண்டு தலைமுறையாக அத்தோட்டங்களில் உழைத்த ஜமைக்கா வழித்தோன்றல்கள் கூலியுமின்றிக் குடியுரிமையுமின்றி அழிந்த தோட்டத்தின் நடுவே நின்றனர். பின்னாளில் கறுப்பின மக்களின் பெருந்தலைவரான மார்கஸ் கார்வி 1910இல் இதே லிமோன் தோட்டங்களில் வேலைநேரம் குறிக்கும் கணக்கராயிருந்தவர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

1930களில் சிகதோகா என்னும் இலைப்புள்ளி நோய் வந்தது. பிஜித் தீவின் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் அது. இந்நோய்க்கு மருந்து இருந்தது: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. ஏக்கர் கணக்கில் குழாய் பதித்து, உயர் அழுத்தத்தில் இலைமேல் பீய்ச்சினர். சிறு விவசாயியால் இச்செலவைத் தாங்க முடியாது, கம்பெனியால் முடியும். இவ்வாறு நோயே போட்டியாளரைக் களையெடுத்துக் கொடுத்தது. தெளிக்கும் தொழிலாளியின் உடையும் தோலும் வியர்வையும் நீலப்பச்சையாகும், குளித்தாலும் போகாது. கிளிகள் என்றும் நஞ்சுக்காரர்கள் என்றும் அவர்களை மற்றவர் அழைத்தனர். நெடுநாள் அத்தொழிலைச் செய்தவரைக் குறித்த மருத்துவப் பதிவுகள் மிகச் சொற்பம்.

கொலம்பியாவுக்கு வருவோம். 1928 நவம்பர் 12ஆம் நாள் மக்தலேனா மாநிலத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள் ஒன்பது. வாரக்கூலி, ஞாயிறு ஓய்வு, விபத்துக்கு ஈட்டுத்தொகை, நலமான குடியிருப்பு, கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுக்குப் பதில் ரொக்கம் என்பன போன்றவை. இவர்கள் இடைத்தரகரான ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எமக்குத் தொழிலாளர் என்று எவருமே இல்லை என்றது கம்பெனி. நம் ஊர்க் கங்காணி முறையை அறிந்தவர்க்கு இவ்வாதம் புதிதன்று. டிசம்பர் 5ஆம் நாள் இரவு சியனாகா நகர இரயில் நிலையச் சதுக்கத்தில் மனைவி மக்களோடு திரண்டிருந்தவர்கள்முன், நள்ளிரவுக்குப் பின் ஜெனரல் கோர்த்தேஸ் வர்காஸ் கலைந்துபோகும் ஆணையைப் படிக்கச் செய்தார். சில நிமிடங்கள் அவகாசம். பின்னர் இயந்திரத் துப்பாக்கிகள் பேசின.

எத்தனை பேர் இறந்தனர்? ஜெனரல் ஒப்புக்கொண்ட எண் 47. ஆயிரத்துக்கு மேல் என்று கம்பெனியின் பிரதிநிதி தம்மிடம் கூறியதாக அமெரிக்கத் தூதர் 1929 ஜனவரியில் தம் அரசுக்கு எழுதினார். அருகிலுள்ள அரகதாகாவில் அதற்கு முந்தைய ஆண்டு பிறந்த ஒரு குழந்தை, வளர்ந்து 1967இல் எழுதிய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் மூவாயிரம் பிணங்களை ஏற்றிக்கொண்டு ஓர் இரயில் கடலை நோக்கி ஓடுகிறது. மறுநாள் ஊரில் எவருக்கும் எதுவும் நினைவில்லை. மூவாயிரம் என்பது நாவலின் அளவுக்கேற்ப இரயிலை நிரப்பத் தாம் கொண்ட எண் என்று கார்சியா மார்க்கேஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். ஆனால் அதற்குள் அந்நாட்டுப் பொதுமக்கள் வாயில் அதுவே வரலாற்று எண்ணாகிவிட்டது. இதில் நாவலாசிரியரைக் குறைகூற இடமில்லை. எண்ணிப் பதிவு செய்யவேண்டிய அரசு எண்ணாமல் புதைத்தது. வெற்றிடத்தை இலக்கியம் நிரப்பியது. உண்மை எண் இனி எவருக்கும் கிடைக்கப்போவதில்லை.

குவாத்தமாலாவில் நேர்ந்தது இவற்றின் உச்சம். 1944 புரட்சிக்குப்பின் அந்நாடு முதன்முறையாகத் தேர்தல் வழி ஆட்சி கண்டது. 1951இல் பதவியேற்ற ஹகோபோ ஆர்பென்ஸ், 1952 ஜூன் 17ஆம் நாள் 900ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். பெரும்பண்ணைகளில் பயிர்செய்யாது கிடக்கும் நிலத்தை அரசு எடுத்து நிலமற்றோர்க்குப் பகிரும். உரிமையாளருக்கு அவர் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பின்படி கடன் பத்திரமாக ஈடு தரும். ஆர்பென்ஸ் தம் சொந்தப் பண்ணை நிலத்தையும் விட்டுக்கொடுத்தார். ஏறத்தாழ 1,00,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு அந்நாட்டில் ஐந்தரை லட்சம் ஏக்கர் இருந்தது. அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தரிசு. 1953இல் முதற்கட்டமாக இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டது. கணக்கின்படி ஈடு ஏறத்தாழ 6,27,000 டாலர். 1954 ஏப்ரலில் கம்பெனிக்காக அமெரிக்க வெளியுறவுத்துறை கேட்டது ஒரு கோடியே ஐம்பத்தெட்டு லட்சம் டாலர். வரி கட்டும்போது ஒரு விலை, விற்கும்போது வேறொரு விலை. நம் பத்திரப் பதிவு அலுவலகங்களை அறிந்தவர்க்கு விளக்கம் தேவையில்லை.

தரிசு எதற்கு என்று கேட்டபோது கம்பெனி சொன்ன பதில், வாடல் நோய்க்காக ஒதுக்கி வைத்த இருப்பு நிலம் என்பது. தொழில்நுட்ப நோக்கில் அது பொய்யன்று. ஆனால் ஒரு கம்பெனி தன் பழத்தின் இனத்தை மாற்ற மறுப்பதால் நேரும் செலவை ஒரு நாட்டின் உழவர்கள் நிலமின்றி நின்று ஏற்கவேண்டும் என்பதே அதன் பொருள். என் கருத்தில், வாழையின் வரலாற்றில் தாவர நோயும் அரசியலும் இவ்வளவு வெளிப்படையாக ஒன்றையொன்று தொட்ட இடம் வேறில்லை.

தொடர்ந்து நடந்தது பலரும் அறிந்தது. வெளியுறவுச் செயலர் ஜான் பாஸ்டர் டல்லஸும் அவர் தம்பியும் உளவுத்துறைத் தலைவருமான ஆலன் டல்லஸும் முன்பு பணியாற்றிய வழக்கறிஞர் நிறுவனம் கம்பெனியின் அலுவல்களைக் கவனித்தது. மக்கள் தொடர்புக் கலையின் தந்தை எனப்படும் எட்வர்ட் பெர்னேஸ், குவாத்தமாலா பொதுவுடைமை வலையில் வீழ்ந்துவிட்டது என்ற எண்ணத்தை அமெரிக்கப் பத்திரிகைகளில் விதைத்தார். 1954 ஜூன் 18ஆம் நாள் உளவுத்துறை பயிற்றிய சிறு படையோடு காஸ்தில்லோ அர்மாஸ் எல்லை கடந்தார், வானொலியில் பொய்ப் போர்ச் செய்திகள், தலைநகர்மீது விமானங்கள். ஜூன் 27இல் ஆர்பென்ஸ் பதவி விலகினார். நில ஆணை குப்பைக்குப் போயிற்று. கம்பெனிக்காகவே இக்கவிழ்ப்பு நடந்தது என்பாரும், பனிப்போர் அச்சமே மெய்யான காரணம், கம்பெனி வெறும் துணை என்பாரும் ஆய்வாளருள் உளர். பின்னவர் கையில் வலுவான சான்று ஒன்றுண்டு: ஆர்பென்ஸ் வீழ்ந்த சில நாட்களிலேயே, 1954 ஜூலையில், அமெரிக்க நீதித்துறை இதே கம்பெனிமீது ஏகபோக ஒழிப்பு வழக்குத் தொடுத்தது, 1958இல் அது தன் தொழிலில் ஒரு பகுதியைப் பிரித்துக்கொடுக்க இணங்கியது. அரசு கம்பெனியின் ஏவலாள் என்றால் இது நடந்திராது. ஆனால் யாருடைய அச்சத்துக்காக என்ற வினா குவாத்தமாலா உழவனுக்குப் பெரிதன்று. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2,00,000 பேருக்கு மேல் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பெரும்பாலோர் மாயா இனத்துச் சிற்றூர் மக்கள். 2011இல் அந்நாட்டு அரசு ஆர்பென்ஸ் குடும்பத்தாரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. இந்நிலத்து மண்ணின் மைந்தரான மிகேல் ஆங்ஹெல் அஸ்துரியாஸ் வாழைத்தோட்டங்களை வைத்து மூன்று நாவல்கள் எழுதி, 1967இல் நோபல் பரிசு பெற்றார்.

குரோ மிஷெல் கடைசியில் தோற்றது. புதுக்காடு தீர்ந்தபோது கம்பெனிகளுக்கு வேறு வழியில்லை. 1950களில் ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் கம்பெனியும், 1960களில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியும் வாடலைத் தாங்கும் கேவண்டிஷ் இனத்துக்கு மாறின. மொரீஷியஸிலிருந்து வந்த கன்று ஒன்றை 1830களில் இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் கண்ணாடித் தோட்டத்தில் வளர்த்த ஜோசப் பாக்ஸ்டன், எசமானின் குடும்பப் பெயரை அதற்குச் சூட்டினார். இதன் தோல் மெல்லியது. தாரோடு குவித்தால் கறுத்துவிடும். ஆகவே தோட்டத்திலேயே சீப்புச் சீப்பாக அரிந்து, கழுவி, அட்டைப் பெட்டியில் அடுக்கவேண்டியதாயிற்று. அதுவரை ஆண்களின் சுமைத்தொழிலாயிருந்த இடத்தில் பெட்டி கட்டும் கொட்டகைகள் எழுந்தன. பெண்கள் கூட்டங்கூட்டமாக வேலைக்கு வந்தனர். 1963 முதல் பழத்தின்மேல் நீல ஒட்டுச்சீட்டு வந்தது. பெயரற்ற பழம் பெயர்பெற்றது. ஆனால் பழைய நோய்க்குத் தப்பிய புது இனத்தை வேர்ப்புழு தின்றது, அதற்கு டி.பி.சி.பி. என்ற மருந்தை மண்ணில் ஊசியாகச் செலுத்தினர். அம்மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலைத் தொழிலாளர்கள் மலடானது 1977இல் வெளிப்பட்டதும் அமெரிக்காவில் தடை வந்தது. தோட்ட நாடுகளில் அதன்பின்னும் அது பயன்பட்டது. அங்கே பிள்ளைப்பேறிழந்த ஆயிரக்கணக்கானோரின் வழக்குகள் பல நாட்டு நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் இழுபட்டன.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1974இல் வாழை நாடுகள் கூடி ஏற்றுமதி வரி விதிக்க முயன்றன. வரியைக் குறைக்க ஹோண்டுராஸ் அதிகாரிக்குப் பன்னிரண்டரை லட்சம் டாலர் கையூட்டுக் கொடுத்த விவகாரம் முற்றுவதற்குமுன், 1975 பிப்ரவரி 3ஆம் நாள் கம்பெனித் தலைவர் ஈலை பிளாக் நியூயார்க் கட்டிடத்தின் 44ஆம் மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டார். ஏப்ரலில் ஹோண்டுராஸ் ஆட்சித்தலைவர் வீழ்ந்தார். 1993இல் ஐரோப்பா தன் முன்னாள் குடியேற்ற நாடுகளின் வாழைக்குச் சலுகை தந்தபோது, வாழை ஏற்றுமதி செய்யாத அமெரிக்கா, சிக்கிட்டா என்று பெயர் மாறியிருந்த அதே கம்பெனியின் சார்பில் உலக வணிக அமைப்பில் வழக்காடி வென்றது. 1999இல் ஐரோப்பியக் கைப்பைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் தண்டவரி போட்டது. 2012இல்தான் அவ்வழக்கு முறைப்படி முடிந்தது. அதற்குள் செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற சிறு தீவுகளின் மலைச்சரிவுகளில் ஓரிரு ஏக்கர் வைத்திருந்த குடியானவர்களுள் பெரும்பாலோர் வாழையை விட்டுவிட்டனர். கொலம்பியாவில் துணைப்படையினர்க்குப் பதினேழு லட்சம் டாலர் கொடுத்ததை 2007இல் சிக்கிட்டா அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியது. அப்படையினர் கொன்றவர்களுள் எட்டுப் பேரின் குடும்பத்தார்க்கு மூன்று கோடியே எண்பத்து மூன்று லட்சம் டாலர் ஈடு வழங்கவேண்டுமென்று புளோரிடா நடுவர்குழு 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

உலகில் மிகுதியாக வாழை விளைவிப்பது இந்தியா. ஏற்றுமதியிலோ அதன் பங்கு மிகச் சிறிது. விளைந்ததை நாமே உண்கிறோம். அதுவும் பூவன், மொந்தன், நேந்திரன், செவ்வாழை, விருப்பாச்சி, கற்பூரவள்ளி, மட்டி என்று ஊருக்கொன்றாக உண்கிறோம். வாடல் நோய் நமக்குப் புதிதன்று. ரஸ்தாளி அதற்கு இரையாகிப் பல இடங்களில் குறைந்துவிட்டது. ஆனால் ரஸ்தாளி போனாலும் பூவன் நின்றது, சந்தை நிலைகுலையவில்லை. அண்மைக் காலத்தில் திசுவளர்ப்புக் கன்றாக வரும் ஜி-9 என்னும் கேவண்டிஷ் வகை தேனி முதலிய மாவட்டங்களில் பரவியிருப்பது கண்ணுக்கு நிறைவாயினும், 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நாட்டு இனங்களைத் திரட்டிக் காத்துவருவதே எனக்கு ஆறுதல் தருகிறது.

ஏனெனில் பூஞ்சணம் மீண்டும் வந்துவிட்டது. கேவண்டிஷையும் கொல்லும் அதன் புதுக் கூறு முதலில் தாய்வானில் 1960களின் இறுதியில் தென்பட்டது. 1990களில் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தோட்டங்களை அழித்து, 2013இல் மொசாம்பிக்கை அடைந்தது. இந்தியாவில் பீகாரிலும் குஜராத்திலும் உறுதியாகியுள்ளது. 2019 ஆகஸ்டில் கொலம்பியாவின் லா குவாஹிரா மாநிலத்தில் அதைக் கண்டதும் அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. சியனாகா அமைந்த மக்தலேனாவுக்கு அடுத்த மாநிலம் அது. 2021இல் பெரு, 2023இல் வெனிசுவேலா. தோட்ட வாயிலில் காலணியைக் கிருமிநாசினியில் நனைத்த பின்னரே ஆட்களை உள்ளே விடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா, இந்நோயைத் தாங்கும்படி மரபணு மாற்றிய கேவண்டிஷ் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குத் தாங்குதிறன் தந்த மரபணு, தென்கிழக்காசியக் காட்டில் பழம் முழுக்க விதையோடு வளரும் காட்டு வாழை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது.